பிக்கப்பில் ஓயாமல் கத்தும் சீட்பெல்ட் அலாரம்: ஒயரை வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்

பக்கத்து சீட்டில் ஆளே இல்லை. ஆனால் வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் டிங் டிங் டிங் என்று ஆரம்பித்துவிடும், ஒரு நிமிடத்துக்கு மேல் கத்தும், கொஞ்சம் அடங்கும், அடுத்த சிக்னலில் நின்று எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான் சிங்கப்பூரில் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். இரண்டு வரிசை சீட் உள்ள டபுள் கேப் பிக்கப். காலையில் தெம்பனிஸில் ஒரு வீடு, மதியம் ஜூரோங்கில் ஒரு ஆபீஸ், சாயங்காலம் பொங்கோலில் இன்னொரு வீடு என்று நாள் முழுக்க வண்டியிலேதான் ஓடுகிறது. மூன்று வாரம் இந்தச் சத்தத்தோடு ஓட்டினேன். அந்த மூன்று வாரத்தில் இதைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன், அதில் பாதி தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன். இதே தொல்லையில் இருக்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

என்ன தப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், "அண்ணே, பெல்ட்டை சீட்டுக்குப் பின்னாடி கொண்டுபோய் மாட்டிட்டா சத்தம் போயிடும்ணே, போன கம்பெனியில எல்லா வண்டியிலும் அப்படித்தான்" என்றார். மாட்டினோம், சத்தம் போய்விட்டது. நான்கு நாள் நிம்மதியாக ஓட்டினேன். ஐந்தாம் நாள் அப்பர் சிராங்கூன் ரோட்டில் மழை, முன்னால் போன டாக்சி ஆள் ஏற்ற சட்டென்று ஓரம் கட்டினார், நான் பிரேக்கை அழுத்தினேன். இடிக்கவில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் வைத்திருந்த, ஏர்கான் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் கனமான வேக்கம் பம்ப் அப்படியே எழுந்துபோய் கிளவ் பாக்ஸில் மோதி, மூடியை உடைத்து, கால் வைக்கிற இடத்தில் விழுந்தது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி அன்றைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் அந்தப் பம்பை மடியில்தான் வைத்திருப்பார், பெல்ட்டும் முதுகுக்குப் பின்னால்தான் கிடந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கத்துவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேலி இல்லை, இப்போது நம் வண்டிகளில் சத்தம் போடும் சாமான்கள் அவ்வளவு இருக்கின்றன. இஆர்பி என்னும் சாலைக் கட்டணத்துக்காகப் புதிதாக மாட்டியிருக்கும் ஓபியு பெட்டி தனியாகச் சத்தம் கொடுக்கும், பள்ளிக்கூடப் பகுதி வந்தால், கேமரா இருக்கும் இடம் வந்தால், கட்டணம் எடுக்கும் கேன்ட்ரி நெருங்கினால் சொல்லும். முதலாளி ஜிபிஎஸ் மாட்டியிருந்தால் அதில் ஒரு பஸ்ஸர் இருக்கலாம், விரைவுச்சாலையில் 70ஐத் தாண்டினால் கத்தும்படி வைத்திருப்பார்கள், ஏனென்றால் 3,500 கிலோவுக்கு உட்பட்ட நம் மாதிரி சரக்கு வண்டிகளுக்கு அங்கே 70தான் உச்சம். அதற்கு மேல் 12,000 கிலோ வரை உள்ள லாரிகளுக்கு 60, அவற்றுக்கு வேகக் கட்டுப்படுத்தியே கட்டாயமாகி வருகிறது. அப்புறம் கதவு சரியாகச் சாத்தாத சத்தம், ஹேண்ட்பிரேக் இறக்காத சத்தம், பின்னால் ரிவர்ஸ் சென்சார். எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி டிங் டிங்தான்.

இதைப் பிரிக்கச் சுலபமான வழி, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பது. பெல்ட் மாட்டிய மனிதன் மாதிரி சிவப்புப் படம் மின்னினால் அது சீட்பெல்ட் அலாரம். ஓட்டிக்கொண்டே அதைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை, பெல்ட்டோடுதான், உட்கார வைத்து கைப்பேசியில் டேஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வேகமானி, விளக்கு, சத்தம் மூன்றும் அதில் பதிய வேண்டும். அந்த வீடியோ பின்னால் ஒர்க்‌ஷாப்பிலும் உதவும், ஏனென்றால் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி ஊமையாகிவிடும், இது எல்லா வண்டிக்கும் உள்ள குணம்.

சத்தம் ஓபியுவிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதன் திரையிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். பெட்டியைக் கழற்றுவது, ஒயரைத் தொடுவது எதுவும் வேண்டாம். ஜிபிஎஸ் என்றால் முதலாளியிடம் பேசுங்கள், அல்லது 70க்குள் ஓட்டுங்கள், வேறு வழி கிடையாது.

சீட்பெல்ட் அலாரம்தான் என்று உறுதியானால், அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பயணி சீட்டின் ஸ்பாஞ்சுக்குள், உறைக்குக் கீழே, மெல்லிய பிளாஸ்டிக் பாய் மாதிரி ஒரு சென்சார் இருக்கும். இரண்டு தாள், நடுவில் சின்ன இடைவெளி. மேலே கனம் விழுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வண்டி "ஆள் உட்கார்ந்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும். பெல்ட்டின் நாக்கை நுழைக்கிறோமே அந்த பக்கிள், அதற்குள்ளே ஒரு குட்டி சுவிட்ச். நாக்கு உள்ளே போனால் அது "பெல்ட் போட்டாச்சு" என்று சொல்லும். ஆள் இருக்கிறார், பெல்ட் இல்லை, வண்டி ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அலாரம். பெரும்பாலான வண்டிகளில் நின்றிருக்கும்போது விளக்கு மட்டும் மின்னும், மணிக்கு 20 கிலோமீட்டர் வாக்கில் தாண்டியதும் சத்தம் சேர்ந்துகொள்ளும். ஆகவே கோளாறு வரக்கூடிய இடம் மூன்றுதான்: சீட்டுப் பாய், பக்கிள், இரண்டையும் இணைக்கும் ஒயர். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கார்ப்பேட்டையில் வண்டியை நிறுத்தி, பயணி சீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். ரசீதுப் புத்தகம், மதியச் சாப்பாட்டுப் பொட்டலம், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல், மழைக் கோட்டு. சாவியைத் திருப்பி விளக்கைப் பாருங்கள். அணைந்துவிட்டால் உங்கள் வண்டியில் கோளாறே இல்லை, நீங்கள் வைத்த சாமானைத்தான் அது ஆள் என்று நினைத்திருக்கிறது. சாமான் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, சில கிலோ போதும், அதுவும் பொருளின் அடிப்பக்கம் சின்னதாகக் கூர்மையாக இருந்தால் இன்னும் குறைவே போதும்.

இதற்கு மருந்து, சாமானை அங்கே வைக்காமல் இருப்பது. எங்களுக்கு அது சொல்வதற்குத்தான் சுலபம், ஏனென்றால் பின்னால் ஏணி, செப்புக் குழாய்ச் சுருள், புளோவர், கான்வாஸ் எல்லாம் ஏற்றிய பிறகு விலை கூடின சாமானைப் பின்னால் போட மனசு வராது, மழை வேறு. நானும் அப்படித்தான் பம்பை முன்னால் வைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 15 கிலோ பெட்டி அந்த நொடியில் 200 கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் மாதிரி முன்னால் பாயும். அதைக் கையால் பிடித்து நிறுத்த எந்த மனிதனாலும் முடியாது. இப்போது நான் பம்பையும் கேஸ் அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ் பெட்டியையும் பின் சீட்டில் கால் வைக்கிற தரையில், முன் சீட்டின் முதுகோடு ஒட்டி வைக்கிறேன். தரையில் இருப்பது அவ்வளவு சுலபமாகப் பறக்காது. சிங்கிள் கேப் வைத்திருப்பவர்கள் பின்னால் கேபின் சுவரை ஒட்டிப் பூட்டுப் போட்ட டூல் பாக்ஸ் ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கிவிடுவது நல்லது. ஓட்டுநர் காலடியில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், ஒரு தண்ணீர்ப் போத்தல் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டால் போதும். கேஸ் சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்கவே கூடாது, அதுவும் ஏர்கானுக்கு ஏற்றும் ஆர்32 தீப்பற்றக்கூடிய கேஸ், வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அதை விட்டுவிட்டு வேலைக்குப் போவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேறு வழியே இல்லை, அந்த ஒரு நாள் மட்டும் சீட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால், பெட்டியின் மேலே, அதன் கைப்பிடிக்குள் விட்டு, பெல்ட்டை முறையாக மாட்டுங்கள். அலாரமும் நிற்கும், பெட்டியும் ஓரளவு நிற்கும். சீட்டுக்குப் பின்னால் மாட்டுவதற்கும் இதற்கும் கை வேலை ஒன்றுதான், பலன் வேறு.

எல்லாச் சாமானையும் எடுத்த பிறகும் விளக்கு மின்னுகிறதா? சீட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். ஈரமா? எனக்கு நடந்தது இதுதான். சாமான் தொல்லை ஒரு பக்கம் இருக்க, சீட்டைக் காலி பண்ணிய பிறகும் அலாரம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஏர்கான் கழுவிய பிறகு ஈர வேக்கம் கிளீனரின் குழாயைச் சுருட்டி அந்த சீட்டில்தான் தம்பி போடுவார். குழாயில் தங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக உறைக்குள் இறங்கி ஸ்பாஞ்சில் ஊறிவிட்டது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். ஒரு பழைய துண்டை விரித்து அதன் மேல் முழங்காலை ஊன்றி என் முழு எடையையும் கொடுத்து அழுத்தினேன், துண்டில் வட்டமாகப் பழுப்புத் தண்ணீர் ஏறியது. நம் ஊர் ஈரக்காற்றில் அது தானாகக் காயாது. இரண்டு நாள் ராத்திரி வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, துண்டால் அழுத்தி அழுத்தி எடுத்தேன். பகலில் சைட்டில் ஜன்னலை இறக்கி, நம்மிடம் இருக்கும் புளோவரையே வைத்துக் காற்றடித்தேன். சூடான ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிக்காதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பாய். மூன்றாம் நாள் சத்தம் பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, அதற்குக் காரணம் வேறு, வருகிறேன்.

அடுத்தது பக்கிள். ஆள் பெல்ட் போட்டிருக்கும்போதே அலாரம் அடித்தால் முக்கால்வாசி இங்கேதான் பிரச்சினை. டார்ச் அடித்து அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் துவாரத்தைப் பாருங்கள். சிமெண்டுத் தூசி, கச்சான் தோல், பத்துக் காசு, ஸ்டேப்ளர் பின், என்னவெல்லாமோ கிடக்கும். நாக்கு முழுதாக இறங்காமல் பாதியில் பிடித்துக்கொண்டால் சுவிட்ச் அழுந்தாது. அலாரத்தை விடுங்கள், பாதியில் பிடித்த பெல்ட் மோதும்போது கழன்றுவிடலாம், ஆபத்து அதுதான். தூசி ஊதுவதற்கென்று அழுத்தக் காற்று அடைத்து விற்கும் டின் ஒன்று வாங்கி, துவாரத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பிப் பிடித்து ஊதுங்கள், ஊதும்போது நாக்கைப் பத்துப் பதினைந்து தடவை மாட்டிக் கழற்றுங்கள். டபிள்யூடி-40, கிரீஸ், சமையல் எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம், இரண்டு நாளைக்கு வழவழப்பாக இருக்கும், அப்புறம் தூசி எல்லாம் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். "க்ளிக்" சத்தம் ஒரே சுத்தமாகக் கேட்க வேண்டும், இழுத்தால் வரக்கூடாது. மாட்டிய பக்கிளைக் கையால் ஆட்டும்போது டேஷ்போர்டு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது அல்லது அதன் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. அதைப் பிரித்து ஒட்டுப்போடக்கூடாது, பக்கிளையே மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒயர். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி முன்பக்கமிருந்தும், முழுக்க முன்னால் தள்ளிப் பின்பக்கமிருந்தும் டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கீழே மஞ்சள் நிறத்தில் பிளக் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவிக்கான ஒயர். அதை இழுக்காதீர்கள், கழற்றாதீர்கள், மீட்டர் வைத்து அளக்காதீர்கள். அந்தக் கருவிகள் வெடிமருந்து மாதிரி ஒன்றின் சக்தியில்தான் வேலை செய்கின்றன, தப்பான இடத்தில் மின்சாரம் போனால் உங்கள் முகத்துக்கு நேராகவே வேலை செய்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது, சீட்டு நகரும் தண்டவாளத்தில் ஏதாவது ஒயர் நசுங்கியிருக்கிறதா, ஏதாவது பிளக் தொங்குகிறதா, கீழே உருண்டுபோன ஸ்பானரோ போத்தலோ ஒயரை இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்பது. என் வண்டியில் மீதிச் சத்தத்துக்குக் காரணம் இங்கே இருந்தது. செப்புக் குழாயின் ஒரு துண்டு, நான்கு அங்குலம் இருக்கும், சீட்டுக்கடியில் போய்க் குறுக்காக நின்று பக்கிளிலிருந்து வரும் ஒயரை அழுத்திக்கொண்டிருந்தது, சீட்டை நகர்த்தும்போதெல்லாம் உரசி உரசி மேல்தோல் போய்விட்டது. குழாய்த் துண்டை எடுத்தேன், ஒயரைத் தொடாமல் காக்கி புக்கிட்டில் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

ஒர்க்‌ஷாப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் போன வேறொரு கடையில், பேர் வேண்டாம், வண்டியைப் பார்க்காமலேயே "வெட்டிவிடட்டுமா" என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லாவிட்டால் பக்கிளில் செருகும் போலி நாக்கு ஒன்று தருகிறேன், மாட்டிக்கொள் என்றார்கள். ஆன்லைனில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அதே சாமான். இரண்டும் வேண்டாம். ஒயரை வெட்டினால் பல வண்டிகளில் ஏர்பேக் விளக்கு நிரந்தரமாக எரிய ஆரம்பித்துவிடும், அதாவது மோதும்போது ஏர்பேக் விரியுமா விரியாதா என்று யாருக்கும் தெரியாது. போலி நாக்கு செருகிய வண்டி, பெல்ட் போடாத ஆளைப் பெல்ட் போட்டவர் என்று நம்பிக்கொண்டிருக்கும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிகிறது, பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்த ஆளைக் கணக்கில் வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெல்ட் இல்லாமல் முன்னால் சரிந்து வரும் ஆளுக்கு அது அடியாக விழும்.

சட்டமும் இருக்கிறது. பெல்ட் போடாமல் பிடிபட்டால் 120 வெள்ளி, ஓட்டுநருக்கு அதோடு லைசென்ஸில் ஏறும் தப்புப் புள்ளி, அதாவது டீமெரிட் பாயின்ட், 3. பக்கத்தில் இருப்பவர் போடாவிட்டால் அவருக்கும் அபராதம், அவரைப் போட வைக்காத ஓட்டுநருக்கும் அபராதமும் பாயின்டும். வண்டி ஓட்டித்தான் சோறு என்று இருப்பவர்களுக்கு 120 வெள்ளியைவிடப் பாயின்ட்தான் வலிக்கும், 24 மாதத்துக்குள் 24 சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். வண்டிப் பரிசோதனைக்குப் போகும்போதும் சீட்பெல்ட்டைப் பார்ப்பார்கள், சரக்கு வண்டிக்கு அது வருஷா வருஷம், பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் போலி நாக்கை எடுத்து ஒளித்துவைத்து, வந்ததும் மாட்டுவதற்குப் பதில் ஒரே தடவை சரி பண்ணிவிடலாம்.

ஒர்க்‌ஷாப்பில் எப்படிக் கேட்பது? "சத்தத்தை நிறுத்திக் கொடுங்கள்" என்று கேட்டால் நிறுத்தத்தான் செய்வார்கள். "பயணி சீட் சென்சாரா, பக்கிள் சுவிட்சா, எது தப்பாகச் சொல்கிறது என்று ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். ஆள் உட்கார்ந்தால், எழுந்தால், மாட்டினால், கழற்றினால் வண்டி என்ன புரிந்துகொள்கிறது என்பது பல மாடல்களில் ஸ்கேனர் திரையிலேயே தெரியும். வீடியோவைக் காட்டுங்கள். மழை நாளில் வருகிறதா, மேடு பள்ளத்தில் வருகிறதா, சீட்டை நகர்த்தினால் வருகிறதா என்று நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள். வாரண்டி இருந்தால் வேறு யாரையும் தொட விடாமல் நேராக ஏஜண்டிடம் போங்கள். கம்பெனி வண்டி என்றால் முதலாளிக்கு ஒரு மெசேஜ் போட்டு, வீடியோவையும் அனுப்பி வையுங்கள், வாயால் மட்டும் சொன்னால் நாளைக்கு நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று வந்து நிற்கும்.

ஓட்டுநர் பக்கத்து அலாரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை, காரணம் அங்கே எழுத ஒன்றுமில்லை. ஓட்டுநர் சீட்டில் எப்போதும் ஆள் உண்டு, பெல்ட் போட்டால் சத்தம் நிற்கும். கார்ப்பேட்டையில் ஒரு புளோக்கிலிருந்து அடுத்த புளோக்குக்கு நகர்த்தத்தானே என்று நானும் போடாமல் இருந்திருக்கிறேன், இப்போது இல்லை. பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்றால் தோள் பக்கத்தில் இருக்கும் கொக்கியை மேலே கீழே நகர்த்தும் வசதி பல பிக்கப்பில் உண்டு, அதை ஒரு தடவை உங்கள் உயரத்துக்குச் சரி செய்யுங்கள். பெரும்பாலான எரிச்சல் அதோடு போய்விடும்.

ரிவர்ஸ் சென்சார் சும்மா கத்தினால், டெயில்கேட்டைத் திறந்து போட்டிருக்கிறீர்களா, ஏணியோ குழாயோ பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். இல்லாவிட்டால் பம்பரில் உள்ள வட்டப் பொட்டுகளை ஈரத்துணியால் துடையுங்கள், சேறு ஒட்டியிருக்கும். கோடு தாண்டினால் கத்தும் லேன் அலாரம் உள்ள புது வண்டிகளில், சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடும் புதுக் கோடும் குழம்பிக் கிடக்கும்போது அதுவும் குழம்பும், பொத்தானை அழுத்தி அந்த நேரத்துக்கு நிறுத்த உற்பத்தியாளரே வழி வைத்திருக்கிறார், கையேட்டைப் பாருங்கள்.

எல்லாம் சரி செய்த பிறகு ஒரு சோதனை ஓட்டம் போட்டுவிடுங்கள். சீட் காலியாக ஒரு சுற்று, சத்தம் வரக்கூடாது. ஆளை உட்காரவைத்து பெல்ட் போட்டு, மேடு பள்ளமான ரோட்டில், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு சுற்று, அப்போதும் வரக்கூடாது. கடைசியாக வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஆள் உட்கார்ந்தபடி பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள், சிவப்பு விளக்கு உடனே மின்ன வேண்டும். மின்னாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் சரி பண்ணவில்லை, வெட்டியிருக்கிறார்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் திருப்பிக் கொண்டுபோங்கள்.